டபிள்யூடிஏ ஃபைனல்ஸ்: நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய போட்டி

கிராண்ட் ஸ்லாம் நாலும் முடிந்ததும் இந்த வருடத்து டென்னிஸ் அவ்வளவுதான் என்று டிவியை அணைத்துவிடுகிற ஆளாகத்தான் நானும் ரொம்ப நாள் இருந்தேன். சீசன் கடைசியில் டபிள்யூடிஏ (பெண்கள் டென்னிஸ் சங்கம்) ஃபைனல்ஸ் என்று பெண்களுக்கு ஒரு போட்டி நடக்கிறது, அந்த வருடத்தின் முதல் எட்டு பேர் மட்டும் ஆடுகிறார்கள் என்பதெல்லாம் தெரியும், ஆனால் உட்கார்ந்து பார்த்ததில்லை. ரியாத்தில் 2024-லும் 2025-லும் நடந்ததை மட்டும் முதல் நாளிலிருந்து விடாமல் பார்த்தேன். இரட்டையர் பிரிவும் உண்டு, அதை அரைகுறையாகத்தான் பார்த்தேன் என்பதால் இங்கே ஒற்றையர் மட்டும்.

மற்ற போட்டிகளில் முதல் சில நாள் முன்னணி வீராங்கனைகள் யாரையாவது 6-1, 6-2 என்று தட்டிவிட்டுப் போவார்கள், நாமும் ஸ்கோரை மட்டும் பார்த்துக்கொண்டு வேறு வேலை செய்வோம். இங்கே அந்தப் பேச்சே இல்லை, முதல் நாளே உருப்படியான ஆட்டம். எட்டு பேரை நாலு நாலாக இரண்டு குழுவாகப் பிரிக்கிறார்கள், குழுவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும், குழுவுக்கு இரண்டு பேர் அரையிறுதிக்குப் போவார்கள். ஒரு ஆட்டம் தோற்றால் உடனே பெட்டியைக் கட்ட வேண்டியதில்லை. சொல்லப்போனால் இரண்டு தோற்றால்கூட இல்லை: 2015-இல் சிங்கப்பூரில் ரத்வான்ஸ்கா குழுவில் முதல் இரண்டு ஆட்டத்தையும் தோற்றுவிட்டு, மூன்றாவதை ஜெயித்து எப்படியோ உள்ளே நுழைந்து, கடைசியில் கோப்பையையே தூக்கிக்கொண்டு போனார். இறுதியில் அவரிடம் தோற்ற க்விடோவாவும் குழுவில் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தவர்தான்!

அதற்கு முந்தைய வருடம் இன்னும் வேடிக்கை. செரீனாவைக் குழு ஆட்டத்தில் ஹாலெப் 6-0, 6-2 என்று துவைத்து எடுத்தார். அப்புறம் இவானோவிச்சோடு ஆடிய கடைசி ஆட்டத்தில் ஹாலெப் தோற்றாலும் நடுவில் ஒரு செட் எடுத்தார், மூன்று பேரும் சம வெற்றியில் நின்று செட் கணக்கு பார்க்க வேண்டி வந்ததால், அந்த ஒரு செட்டால்தான் செரீனா அரையிறுதிக்குப் போக முடிந்தது, இவானோவிச் வெளியே. இறுதியில் அதே ஹாலெப்பை செரீனா 6-3, 6-0 என்று முடித்தார். நாக் அவுட் போட்டியில் இப்படி ஒரு கதை நடக்க வாய்ப்பே இல்லை.

ஆனால் இந்தக் கணக்கு எதிர்ப்பக்கமும் வெட்டும், அதை 2024-இல் நேரலையாகவே பார்த்தேன். ஸ்வியாடெக் முதல் ஆட்டத்தில் கிரெய்சிகோவாவிடம் ஒரு செட்டும், இரண்டாவது செட்டில் 0-3-உம் பின்தங்கி இருந்து மீண்டு ஜெயித்தார். அப்புறம் காஃபிடம் தோல்வி. கடைசி ஆட்டத்தில், விலகிப்போன பெகுலாவுக்குப் பதிலாக வந்த கசட்கினாவை 6-1, 6-0. மூன்றில் இரண்டு வெற்றி, போதும் என்றுதானே நினைப்போம்? அன்றைக்கே கிரெய்சிகோவா காஃபை நேர் செட்டில் ஜெயித்துவிட, மூன்று பேரும் இரண்டிரண்டு வெற்றியில் வந்து நின்றார்கள். ஆளுக்கு எத்தனை செட் எடுத்தார்கள், எத்தனை விட்டார்கள் என்று பழைய நோட்டில் கோடு போட்டு எழுதிப் பார்த்தேன்: கிரெய்சிகோவா 5-2, காஃப் 4-2, ஸ்வியாடெக் 4-3. ஸ்வியாடெக் அவுட். இரண்டு வெற்றியோடு ஒருவர் வீட்டுக்குப் போகிறார், ஒரு வெற்றியோடு ஒருவர் சாம்பியன் ஆகிறார். இது நியாயமா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது, ஆனால் பார்க்க அப்படி ஒரு விறுவிறுப்பு.

என் குறை, இந்தக் கணக்கை ஒளிபரப்பில் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. 'இவர் ஒரு செட் எடுத்தால் அவர் வெளியே' என்று திரையின் ஓரத்தில் ஒரு வரி போட்டாலே போதுமே. நான் பணம் கட்டிப் பார்த்த செயலியைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. 2024 இறுதி ஆட்டம், காஃபும் ஜெங் சின்வென்னும், மூன்று மணி நேரத்தைத் தாண்டி ஓடியது. மூன்றாவது செட்டில் 5-4 என்று ஜெங் ஆட்டத்தை முடிக்க சர்வ் செய்து, முடிக்க முடியாமல், 6-6 ஆகி, செட்டை முடிவு செய்கிற டை பிரேக்குக்குப் போயிற்று. அங்கே போய்ப் படம் உறைந்துவிட்டது. ரௌட்டரை அணைத்துப் போட்டு, செயலியை மூடித் திறந்து, திரும்பப் படம் வந்தபோது காஃப் 6-0. நான் பார்க்க உட்கார்ந்ததே அந்த ஆறு பாயிண்டுக்குத்தான்.

அடுத்தது, இந்தப் போட்டிக்குச் சொந்த வீடு கிடையாது. ஒரு காலத்தில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வருடக்கணக்கில் நடந்தது, 1984 முதல் 1998 வரை இறுதி ஆட்டத்தை, பெண்கள் வழக்கமாக ஆடும் மூன்று செட்டுக்குப் பதிலாக, ஐந்து செட் வரைகூட ஆடினார்கள். 2014-இலிருந்து ஐந்து வருடம் சிங்கப்பூர். பிறகு பத்து வருட ஒப்பந்தம் என்று ஷென்ஜென் போய், 2019-இல் ஒரே ஒரு முறை நடந்ததோடு சரி. 2021 குவாடலஹாரா, 2022 ஃபோர்ட் வொர்த், 2023 கான்குன். கான்குன்தான் உச்சம்: கடைசி நேரத்தில் கட்டி முடித்த தற்காலிக அரங்கம், காற்று, மழை. ஸ்வியாடெக்–சபலெங்கா அரையிறுதி தொடங்கி நின்று, மறுநாள்தான் முடிந்தது, இறுதி ஆட்டம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. வருடம் முழுக்க உழைத்து உள்ளே வந்த எட்டு பேருக்குச் செய்கிற மரியாதையா இது?

அதோடு ஒப்பிட்டால் ரியாத் அரங்கம் ஒழுங்கு. கூரை இருக்கிறது, காற்று இல்லை, பந்து மட்டையில் படும் சத்தம் துல்லியமாகக் கேட்கிறது. அவ்வளவு துல்லியமாகக் கேட்பதற்கு இன்னொரு காரணம், தொடக்க ஆட்டங்களில் பல நாற்காலிகள் காலி. உலகின் முதல் ஐந்து இடத்தில் இருக்கிற இருவர் இருபது ஷாட் ரேலி ஆடி முடித்ததும் கேட்கிற அந்தக் கைதட்டல், கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சவூதிக்குப் போகக் கூடாது என்று முன்னாள் சாம்பியன்கள் எவர்ட்டும் நவ்ரத்திலோவாவும் முன்பே வெளிப்படையாக எதிர்த்தார்கள், அந்த விவாதம் தனி. நான் சொல்வது காலி இருக்கையை மட்டும்.

ஆட்டத்தின் தரத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. 2025-இல் கடைசி இடத்தைப் பிடித்து உள்ளே வந்த ரிபாகினா ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, இறுதியில் நம்பர் 1 சபலெங்காவை 6-3, 7-6 என்று ஜெயித்தார். அந்த டை பிரேக் 7-0. ஒரு பாயிண்டாவது விட்டுக் கொடுத்திருக்கலாம், பாவம். பரிசுப் பணம் 52 லட்சத்து 35 ஆயிரம் டாலர், அதுவரை பெண்கள் டென்னிஸில் யாரும் வாங்காத தொகை. வேறு யாராவது இருந்தால் தரையில் படுத்துப் புரண்டிருப்பார்கள். இவர் பஸ் வந்துவிட்டது என்று எழுந்து போகிறவர் மாதிரி வலைப்பக்கம் நடந்து போனார்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த ஒன்றைக் காலி நாற்காலிக்காகக் குறைத்திருக்கிறேன். எல்லாம் பார்க்க நேரம் இல்லையென்றால் குழுவின் மூன்றாவது சுற்றிலிருந்து பாருங்கள், அதற்குள் யாருக்கு எத்தனை செட் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், திரையில் போட மாட்டார்கள்.