நிக்காம ஓடுன 1992 மாடல் ஃபிரிட்ஜ்: ஒன்றே முக்கால் வருஷம் கழிச்சு எழுதுறேன்

ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா ஃபிரிட்ஜ் ஓடுத சத்தம் கேக்கும், நாலு மணிக்கு எந்திச்சாலும் கேக்கும், காலையில காப்பிக்கு பால் எடுக்கப் போனாலும் ஓடிக்கிட்டேதான் கெடக்கும். இது ஏதோ ஒருநாள் ரெண்டுநாள் இல்ல, போன வருஷத்துக்கு முந்துன வருஷம் ஆனி மாசம் சாரல் ஆரம்பிச்சதுல இருந்து மூணு மாசம் இப்படியே. எங்களுக்கு செங்கோட்டை, குற்றாலத்துல தண்ணி விழுதப்போ இங்க வீட்டுக்குள்ள போர்வை போத்திதான் உக்காந்திருப்போம், அந்தக் குளிர்லயும் ஃபிரிட்ஜ் நிக்காம ஓடுனா எங்கயோ தப்பு இருக்குன்னு தானே அர்த்தம்.

ஃபிரிட்ஜப் பத்தி சொல்லிருதேன். 165 லிட்டர், ஒரே கதவு, உள்ள மேல ஃப்ரீசர், ஐஸ் கரைக்க தெர்மோஸ்டாட் நாபுக்கு நடுவுல ஒரு பட்டன். 1992-ல அப்பா பிஎஃப் லோன் போட்டு வாங்குனது. இப்ப அப்பா இல்ல. இத மாத்திருவோமான்னு கேட்டா அம்மா பதிலே சொல்ல மாட்டாவ, எந்திச்சு அடுப்படிக்குப் போயிருவாவ. அதனால முடிஞ்ச வரைக்கும் சரி பண்ணிப் பாக்குறதுன்னு நான் முடிவு பண்ணேன், அத மனசுல வச்சுக்கிட்டு இதப் படிங்க.

மொதல்ல அளந்து பாத்தேன். பிளக்குல மாட்டுத வாட் மீட்டர் ஆன்லைன்ல கெடைக்கு, அத வாங்கி மாட்டுனா ஓடுதப்போ 115 வாட் காட்டுச்சு, ஒரு முழு நாளைக்கு 2.7 யூனிட். கணக்குப் போட்டுப் பாருங்க, 115 வாட் 24 மணி நேரம் ஓடுனா 2.76 வரணும், அப்ப நாள் பூரா கிட்டத்தட்ட நிக்கவே இல்ல. ரெண்டு மாச பில்லுல இது மட்டும் 160 யூனிட்டுக்கு மேல. உள்ள நடுத்தட்டுல ஒரு டம்ளர் தண்ணி வச்சு அதுல தெர்மாமீட்டர் போட்டு ராத்திரி பூரா விட்டேன், காலையில 11 டிகிரி. காத்துல தொங்கவிட்டுப் பாக்காதீங்க, கதவத் தெறந்த உடனே மாறிரும், தண்ணிக்குள்ள வச்சாத்தான் நம்பலாம். 4 டிகிரி பக்கம் இருக்கணும், 11-ங்கிறது மாவு சீக்கிரமே புளிச்சுப் போற சூடு.

ஒரு மெக்கானிக்க கூட்டியாந்தேன். வந்தாரு, பின்னால கம்பிய தொட்டாரு, கம்ப்ரசர் மேல கை வச்சாரு, ரெண்டு நிமிஷத்துல "கேஸ் எறங்கிருச்சு சார், வெட்டி கழுவி ஃபில் பண்ணனும், 2800 ஆகும்"னுட்டாரு. கதவு ரப்பரப் பாக்கல, ஃப்ரீசர் மூடியத் தெறந்தே பாக்கல. எனக்கு அங்கனதான் யோசனை வந்துச்சு, நாளைக்குச் சொல்லுதேன்னு அனுப்பி வச்சிட்டேன்.

ஏன் அவசரப்படலன்னா, பின்னால ஒட்டியிருந்த தகட்டுல கேஸோட பேரு ஆர் 12-ன்னு போட்டிருந்துச்சு. ஓசோன் படலத்த ஓட்டை போடுதுன்னு 1987-ல மாண்ட்ரியல்ல உலக நாடுகள் சேந்து ஒப்பந்தம் போட்டது இந்த வகை கேஸுக்குத்தான், நம்ம நாட்லயும் 2010-ஓட அந்த சங்கதி முடிஞ்சு போச்சு. அப்ப கேஸ் குழாய வெட்டுனா அதே கேஸ் திரும்ப உள்ள போகாது. அதுக்குப் பதிலா வந்த 134ஏ-ங்கிற கேஸ் போடுவாங்க, ஆனா பழைய கம்ப்ரசர்ல இருக்கது மினரல் ஆயில், 134ஏ-கூட அது கலக்காது, ஆயில் திரும்பி வராம கம்ப்ரசர் காஞ்சு போகும், ஆயிலையும் மாத்தணும். இல்லன்னா ஹைட்ரோகார்பன் போடுவாங்க, அது அந்த ஆயிலோட ஒத்துப்போகும், ஆனா தீப்பிடிக்கிற கேஸ், எங்க ஃபிரிட்ஜுக்குள்ளயே தெர்மோஸ்டாட்டும் லைட் சுவிட்சும் பொறி விடுற மாதிரி இருக்கு, அத நெனச்சு வடிவமைச்ச பெட்டி இல்ல இது. முப்பது வருஷமா ஒரு ஜாயின்ட்டு கூட ஒழுகாம இருக்கத நம்ம கையால வெட்டி அந்த கேஸையும் ஆகாசத்துல விடுதது எனக்கு மனசு ஒப்பல.

கேரளாவுல புனலூர்ல ஒரு வயசான மெக்கானிக் சேட்டன் இருக்காரு, எங்க மாமாவுக்குப் பழக்கம். எங்க ஊரு 1956 நவம்பர் வரைக்கும் அந்தப் பக்கத்தோட இருந்ததுதானே, பொண்ணு குடுக்கிறது எடுக்கிறது, மீன், மரச்சீனி, மெக்கானிக் எல்லாத்துக்கும் இன்னிக்கும் ஆரியங்காவு தாண்டி ஆள் இருக்கு. போன்ல சொன்னேன். அவரு கேட்டது ஒண்ணுதான்: "ஃப்ரீசர்ல ஐஸ் முழுவனும் பிடிக்குந்நுண்டோ?" ஆமா சேட்டா, நாலு பக்கமும் தடியா பிடிச்சிருக்குன்னேன். "எங்கில் கேஸ் தொடண்டா." அப்படின்னா கேஸத் தொட வேண்டாம்னுட்டாரு.

இதுதான் இந்தப் பதிவுல முக்கியமான விஷயம். கேஸ் கொறஞ்ச ஃபிரிட்ஜ்ல ஃப்ரீசர் தகட்டுல கேஸ் நுழையிற எடத்துல மட்டும் ஒரு திட்டு ஐஸ் பிடிக்கும், மிச்ச எடம் ஈரமா வெறுமனே இருக்கும். ஐஸ் எல்லாத்தையும் கரைச்சுட்டு, காலி ஃபிரிட்ஜ ஒரு மணி நேரம் ஓடவிட்டு தெறந்து பாத்தா தெரிஞ்சிரும். எங்க வீட்ல சல்லாத்துணி விரிச்ச மாதிரி ஒரே சீரா, தகடு பூரா வெள்ளையா பிடிச்சிருந்துச்சு. கேஸ் இருக்கு, கம்ப்ரசரும் தள்ளுது. அப்ப ஒண்ணு வெளிய இருந்து சூடு உள்ள வருது, இல்ல நிப்பாட்ட வேண்டியது நிப்பாட்டல. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாத்தா பாதி வேலை முடிஞ்சது. நிக்காம ஓடியும் உள்ள குளிரலன்னா சூடு வருது. நிக்காம ஓடி கொத்தமல்லி எல்லாம் உறையுதுன்னா தெர்மோஸ்டாட் பக்கம் போங்க. எங்களுக்கு மொதல்ல அது, பின்னால இது, ரெண்டும் இருந்துச்சு.

ஐஸ் கரைக்கிறப்போ கத்தியோ கரண்டிக்காம்போ போட்டுக் குத்திராதீங்க, அந்த தகட்டுக்குள்ளதான் கேஸ் ஓடுது, அலுமினியம், ஒரு குத்துல ஓட்டையாகி ஃபிரிட்ஜே போச்சு. நான் ஆஃப் பண்ணி, ஒரு ஏனத்துல வெந்நி வச்சு கதவ ஒருக்களிச்சு விட்டேன், ஒன்றரை மணி நேரத்துல பெரிய பாளம் பாளமா தானா கழண்டு விழுந்துச்சு. ரெண்டு விரக்கடை தடிமன் இருந்துச்சு. அவ்வளவு ஐஸ் பிடிச்சா அதுவே கம்பளி போத்துன மாதிரி, தகட்டுக் குளிர்ச்சி கீழ எறங்காது.

அடுத்து கதவு ரப்பர். நூறு ரூவா நோட்ட கதவுக்கு நடுவுல வச்சு மூடி இழுத்தேன். மேல புடிச்சுது, கைப்பிடி பக்கம் நல்லா புடிச்சுது, கீழ கீல் பக்கத்து மூலைக்கு வந்தா நோட்டு இழுக்காமலே நழுவி கையோட வருது. குனிஞ்சு பாத்தா ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் வெறச்சு, மடிப்புல கீறி, உள்ள இருக்க காந்தப்பட்டை வளைஞ்சு வெளிய தெரியுது. அப்புறம் மொபைல்ல வீடியோ ஆன் பண்ணி உள்ள வச்சு கதவ மூடிட்டு, வெளிய இருந்து அந்த மூலையில டார்ச் அடிச்சேன். எடுத்துப் பாத்தா இருட்டுல கீழ ஒரு கோடு வெளிச்சம், பளிச்சுன்னு. உள் லைட்டு அணைஞ்சிருந்துச்சு, அது ஒரு நல்ல சேதி, சுவிட்ச் மாட்டிக்கிட்டு உள்ள பல்பு எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் ஃபிரிட்ஜ் நிக்காது, அதையும் இந்த வீடியோலயே பாத்துரலாம்.

எங்க ஊர்ல இது ஏன் சாரல்ல வந்துச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது. காத்து குளிர்ச்சிதான், ஆனா பூரா ஈரம். அந்த இடுக்கு வழியா ஈரக்காத்து உள்ள போய் ஃப்ரீசர்ல ஐஸா ஒட்டுது. தண்ணி ஐஸா மாறுறப்போ விடுற சூட்டையும் ஃபிரிட்ஜ்தானே வெளிய தள்ளணும். வெளிய குளிருதேன்னு நம்ம நெனைக்கோம், ஃபிரிட்ஜுக்கு வேலை கூடுது.

இந்த மாடலுக்கு கம்பெனி ரப்பர் கெடைக்கல. தென்காசியில அளவு குடுத்தா ரப்பர் பட்டைய வெட்டி நாலு மூலையும் சூட்டுல ஒட்டிக் குடுக்குற ஆள் இருக்காரு, பழைய ரப்பரையே கொண்டு போங்க, டேப்ல அளந்த அளவு ரெண்டு மில்லிமீட்டர் தப்பினாலும் மூலை தூக்கிக்கிடும். 750 ரூவா. மடிச்சுச் சுத்திக் குடுத்தாரு, மடிப்பு நிமிரணும்னு வெந்நியில கொஞ்ச நேரம் போட்டு வெயில்ல நீட்டி வச்சேன், கதவுல உள் தகட்டு ஸ்க்ரூவ எல்லாம் பாதி மட்டும் லூஸ் பண்ணி, ரப்பர் விளிம்ப சொருகி, திரும்ப முடுக்குனேன். ஒரேயடியா கழட்டிட்டா கதவு முறுக்கிக்கிடும். கீழ் கீலுக்கு அடியில ஒரு வாஷர் வச்சதும் நோட்டு எல்லா எடத்துலயும் புடிச்சுது.

அதோட பின்னால கருப்புக் கம்பி வலையில இருந்த தூசி. அடுப்படி எண்ணெய்ப் புகையோட சேந்து கம்பளி மாதிரி அப்பியிருந்துச்சு, பெயின்ட் பிரஷ் வச்சு தட்டி எடுத்தேன். செவத்துல ஒட்டி வச்சிருந்தத அரையடி முன்னால இழுத்தேன், சூடு போக வழி வேணும்.

மறுநாள் தண்ணி டம்ளர்ல 5 டிகிரி. சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஆனா நாலாம் நாள் அம்மா மொச்சைக்கொட்டைய எடுத்துக் காட்டுதாவ, கல்லு மாதிரி உறைஞ்சு கெடக்கு, கொத்தமல்லி கருத்துப் போச்சு, தெர்மாமீட்டர் 1 டிகிரி, மெஷின் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு! ரெண்டாவது நோய் இப்பத்தான் வெளிய வருது. நாப பூஜ்யத்துக்குத் திருப்புனா டக்குன்னு நின்னுச்சு, அப்ப காண்டாக்ட் ஒட்டிப் போகல.

தெர்மோஸ்டாட்ல இருந்து ஒரு மெல்லிசு வால் மாதிரி குழாய் ஃப்ரீசருக்கு வரும், அதோட நுனி தகட்ட இறுக்கித் தொட்டுக்கிட்டு இருக்கணும், தகடு எவ்வளவு குளிருதுன்னு அதுதான் சொல்லும். பிளக்க உருவிட்டு டார்ச் அடிச்சுப் பாத்தேன். புடிச்சிருந்த கிளிப்போட ஸ்க்ரூ துரு பிடிச்சு தலை மட்டும் உதிந்து கெடக்கு, வால் நுனி தகட்ட விட்டு ஒரு விரல் தள்ளி காத்துல தொங்குது. தகடு மைனஸ் இருபது போனாலும் காத்து அவ்வளவு போகாது, அது எப்ப நிப்பாட்டச் சொல்லும்? ரப்பர் ஒழுகுனப்போ உள்ள சூடா இருந்ததுல இது மறைஞ்சே கெடந்திருக்கு.

தெர்மோஸ்டாட் உசுரோட இருக்கான்னு பாக்க ஒரு வழி இருக்கு. ஐஸ்கட்டிய நல்லா நொறுக்கி ஒரு டம்ளர்ல போட்டு, கல்லுப்பு கைநெறைய அள்ளிக் கலக்குனா மைனஸ் பதினஞ்சு கிட்ட எறங்கும். நாப கொறஞ்ச குளிர்ல வச்சுட்டு அந்த வால் நுனிய மெதுவா வளைச்சு உள்ள முக்கிட்டு காத வச்சுக் கேட்டேன். ஒரு நிமிஷம் இருக்கும், "டக்". வெளிய எடுத்து கைச்சூட்டுல வச்சா திரும்ப "டக்". நல்லா இருக்கு, மாத்த வேண்டாம். வாலை கூர்மையா மடக்கிராதீங்க, உள்ள இருக்க கேஸ் போயிருச்சுன்னா தெர்மோஸ்டாட் வேலைக்கு ஆகாது.

புது ஸ்க்ரூ எவர்சில்வர்ல வாங்குனேன், பழச விட ஒரு நூல் கூட நீளம் இல்லாம அரத்துல தேய்ச்சுப் போட்டேன், நீளமா இருந்தா தகட்டத் தொளைச்சு அத்தனை பாடும் வீணாப் போயிரும். கிளிப்ப முடுக்கி பிளக்கப் போட்டேன். ஐம்பது நிமிஷம் ஓடிச்சு. அப்புறம் நின்னுச்சு. மூணு மாசமா கேட்ட சத்தம் நின்னதும் அடுப்படியில செவத்துப் பல்லி சத்தம் கூட கேட்டுச்சு, அம்மா உள்ள இருந்து "ஏய்யா, கரண்ட் போயிருச்சா?"ன்னு கேட்டாவ.

இப்ப ஒன்றே முக்கால் வருஷம் ஆச்சு. 12 நிமிஷம் ஓடும், 15 நிமிஷம் நிக்கும், நாளைக்கு 1.2 யூனிட் சொச்சம். சித்திரை வைகாசி வெயில்ல 1.6 வரைக்கும் போச்சு, அது சரிதான். கரண்ட் போயி வந்தா அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் போடுதேன், உள்ள ரெண்டு பக்க அழுத்தமும் சமமாகாம போட்டா கம்ப்ரசர் முக்கிக்கிட்டு நிக்கும். சாயங்காலம் இங்க வோல்டேஜ் எறங்கும், அதுக்கு ஸ்டெபிலைசர் இருக்கு. கொல்லத்துல இருந்து வாற சாளை மீன மஞ்சள் தடவி ஃப்ரீசர்ல வச்சா மூணு நாள் கழிச்சும் நல்லா இருக்கு. ஐஸ் கால் இஞ்ச் பிடிச்சதும் பட்டன அமுக்கிருதோம், சாதாரண நாள்ல மூணு வாரத்துக்கு ஒருக்க, சாரல்ல பத்து நாளைக்கு ஒருக்க.

காசுக் கணக்கு மட்டும் பாக்குறவங்களுக்கு நான் இதச் சொல்ல மாட்டேன். வருஷத்துக்கு 450 யூனிட் இது திங்குது, இதே அளவு புதுசுல ஸ்டார் ஸ்டிக்கர்ல அதுல பாதிக்கும் கொறவாத்தான் போட்டிருக்கு. தகட்டுக்குள்ள சூட்டத் தடுக்குற பஞ்சு ஈரம் குடிச்சு வெளித்தகடு வேர்க்குதுன்னாலும், ஐஸ் ஒரு மூலையில மட்டும் பிடிக்குதுன்னாலும் மல்லுக்கட்டாதீங்க, மாத்திருங்க, ஆனா அந்தப் பழைய கேஸ சும்மா தெறந்து விடாம எடுத்துச் சேத்து வைக்கத் தெரிஞ்ச ஆளா பாத்துக் குடுங்க. மத்தபடி வெட்டணும்னு யாரு சொன்னாலும், மொதல்ல ஒரு நூறு ரூவா நோட்டும் டார்ச்சும் எடுத்துக்கிட்டு குனிஞ்சு பாருங்க.

போன வாரம் சாரல் திரும்ப ஆரம்பிச்சிருக்கு. கீழ மூலையில நோட்ட வச்சு இழுத்தேன், புடிச்சுது. ரப்பர சோப்புத்தண்ணி வச்சு தொடச்சு வாசலின் லேசா தடவி விட்டிருக்கேன், மழைக்காலம் முடியுத வரைக்கும் மாசம் ஒருக்க தடவணும்.