சிஸ்டம் கோப்பா, வேடம் போட்ட கோப்பா? பல வருடப் பழக்கத்தில் நிலைத்த சில கருவிகள்

டாஸ்க் மேனேஜரில் தெரியாத பெயர் ஒன்றைப் பார்த்துவிட்டு அதை இணையத்தில் தேடினால், "இந்தக் கோப்பு ஆபத்தானதா?" என்ற தலைப்பில் வரிசையாகப் பக்கங்கள் வரும். எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே பத்தி, கடைசியில் ஏதோ ஒரு கிளீனர் மென்பொருளை இறக்கச் சொல்லும் பெரிய பட்டன். அந்தப் பக்கங்களை நான் படிப்பதை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவை பெயரை மட்டுமே வைத்துப் பேசுகின்றன. வைரஸ் எழுதுகிறவனுக்குப் பெயர் வைப்பதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. விண்டோஸில் லாகின் பாதுகாப்பைக் கவனிக்கும் எல்சாஸ் (lsass.exe) என்ற கோப்பின் முதலெழுத்தான சிறிய எல்லுக்குப் பதிலாகப் பெரிய ஐ போட்டால், பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

இத்தனை காலத்தில் என் கணினியில் நிலைத்து நின்றது ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்தான். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஒன்று. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அவர்களுடைய வின்டர்னல்ஸ் நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. இலவசம், இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். எந்த ப்ராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) எது தொடங்கி வைத்தது என்பதை மரம் மாதிரி கிளை பிரித்துக் காட்டும். எனக்கு அதுவே பாதி பதில். விண்டோஸின் பின்னணிச் சேவைகளை, அதாவது சர்வீஸ்களை, ஓட்டும் எஸ்விசிஹோஸ்ட் (svchost.exe) என்றால் பொதுவாக அது சர்வீசஸ் என்ற ப்ராசஸுக்குக் கீழே இருக்க வேண்டும். வேறு எங்காவது தனியாகத் தொங்கினால் உடனே அந்தக் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பார்ப்பேன்.

எஸ்விசிஹோஸ்ட் ஏன் இத்தனை ஓடுகிறது என்று பயப்படுபவர்கள் நிறைய. எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. 2017-இல் வந்த விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட்டிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சர்வீஸ்கள் தனித்தனி எஸ்விசிஹோஸ்ட்டில் ஓடுகின்றன. பார்க்க வேண்டியது அது எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது என்பதை. சிஸ்டம்32 என்றால் சரி. 64 பிட் விண்டோஸில் சிஸ்வாவ்64 ஃபோல்டரிலும் இதே பெயரில் ஒன்று இருக்கும், அதுவும் சரிதான். (32 என்ற பெயருள்ள ஃபோல்டரில் 64 பிட் கோப்புகள், 64 என்ற பெயருள்ளதில் 32 பிட் கோப்புகள். பழைய மென்பொருள்கள் ஓடாமல் போய்விடக் கூடாது என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.) டெம்ப் அல்லது ஆப்டேட்டா ஃபோல்டரிலிருந்து எஸ்விசிஹோஸ்ட் ஓடினால் அதைச் சந்தேகிக்க வேறு காரணமே வேண்டாம்.

அடுத்தது டிஜிட்டல் கையொப்பம், அதாவது கோப்பை யார் வெளியிட்டது, பிறகு யாரும் அதை மாற்றவில்லை என்று காட்டும் முத்திரை. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் கையொப்பத்துக்கான டேப் இல்லையென்றால் போலி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விண்டோஸின் சொந்தக் கோப்புகள் பலவற்றில் கையொப்பம் கோப்புக்குள் இருக்காது. தனியாக ஒரு கேட்டலாக் கோப்பில் இருக்கும். ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரின் ஆப்ஷன்ஸ் மெனுவில் கையொப்பச் சரிபார்ப்பை இயக்கினால் அது கேட்டலாக்கையும் சேர்த்தே பார்த்துச் சொல்லும். ஓடாமல் சும்மா கிடக்கும் கோப்புக்கு அதே தொகுப்பில் சிக்செக் இருக்கிறது. கையொப்பம் இருந்தாலும் முழுதாக நம்பிவிட முடியாது என்பதும் உண்மை. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ், ரியல்டெக், ஜேமைக்ரான் நிறுவனங்களிடமிருந்து திருடிய சான்றிதழ்களால் கையொப்பமிட்ட டிரைவர்களோடுதான் பரவியது.

ஒரு கோப்பைப் பல வைரஸ் ஸ்கேனர்களில் ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் இணையதளத்தை இரண்டாவது கருத்துக்காக மட்டும் பயன்படுத்துகிறேன். கோப்பையே ஏற்றுவதில்லை, ஏற்றிய கோப்பை மற்றவர்களும் எடுத்துப் பார்க்க முடியும் என்பதால். கோப்பின் கைரேகை மாதிரியான ஷா-256 ஹாஷ் எடுத்து அந்த 64 எழுத்துகளைத் தேடினால் போதும். ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரிலேயே இந்த வசதியை இயக்கலாம், அதுவும் இயல்பாக ஹாஷைத்தான் அனுப்புகிறது. எழுபது சொச்சம் ஸ்கேனர்களில் ஒன்றிரண்டு மட்டும், குறிப்பிட்ட வைரஸ் பெயர் சொல்லாமல், "ஜெனரிக்" என்று சிவப்புக் காட்டினால் நான் அசைவதில்லை. என்னை உறுத்துவது வேறு: சிஸ்டம் கோப்பு என்று சொல்லிக்கொள்ளும் ஒன்றின் ஹாஷ் அங்கே அறவே இல்லாமல் இருப்பது. மைக்ரோசாஃப்ட் ஊருக்கெல்லாம் அனுப்பிய கோப்பை அதுவரை யாருமே பார்த்திருக்கவில்லை என்றால் எப்படி? அப்டேட் வந்த புதிதில் மட்டும் இதற்கு விலக்கு கொடுக்கலாம்.

சந்தேகம் வந்தாலும் உடனே டெலீட் செய்யாதீர்கள். 2010 ஏப்ரலில் மெக்கஃபீ ஆன்டிவைரஸின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் அசல் எஸ்விசிஹோஸ்ட்டையே வைரஸ் என்று பிடித்ததில் ஏராளமான கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. அதற்கும் முன்பு, 2002 வாக்கில், கரடி பொம்மை ஐகான் உள்ள கோப்பு வைரஸ், அழித்துவிடுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் சுற்றியது. அதை நம்பியவர்கள் அழித்தது விண்டோஸோடு வந்த ஒரு ஜாவா டீபக்கர் கோப்பை. அசல் கோப்பு கெட்டுப்போயிருக்குமோ என்ற சந்தேகத்துக்கு விண்டோஸிலேயே உள்ள எஸ்எஃப்சி (sfc) ஸ்கேன் போதும், அது பழுதான சிஸ்டம் கோப்பை மாற்றி வைக்கும். போலி என்று உறுதியானால் விண்டோஸோடு வரும் டிஃபென்டர் ஆன்டிவைரஸின் ஆஃப்லைன் ஸ்கேன்.

குறை இல்லாமல் இல்லை. ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரின் வண்ணங்கள் புதியவர்களை மிரட்டும். ஊதா என்றால் சுருக்கிப் பொதிந்த கோப்பு என்றுதான் பொருள், வைரஸ் என்று இல்லை. இதை அந்தத் திரையைப் பார்த்தே ஊகிக்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், நான் சொன்ன சோதனைகள் அனைத்தையும் தாண்டிப் போகும் ஒரு வகை. டிஎல்எல் எனப்படும் துணைநிரல் கோப்புகளை ஓட்டும் ரன்டிஎல்எல்32 (rundll32.exe) அசல் கோப்பு, சரியான ஃபோல்டர், சரியான கையொப்பம், வைரஸ்டோட்டலிலும் சுத்தம். ஆனால் அது ஓட்டுவது டவுன்லோட்ஸில் கிடக்கும் ஏதோ ஒரு டிஎல்எல்லாக இருக்கலாம். கட்டளைகளை ஓட்டும் பவர்ஷெல்லும் அப்படித்தான். அதனால் ப்ராசஸ் எந்தக் கட்டளையோடு தொடங்கியது என்று காட்டும் கமாண்ட் லைன் என்ற நெடுவரிசையை நான் எப்போதும் திறந்தே வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் நீளநீளமான வரிகளாகத் தெரியும், எது வழக்கமாக வருவது என்று கண் பழகச் சில வாரங்கள் பிடிக்கும்.