ஜாபிக்ஸ் டெம்ப்ளேட்டும் மேக்ரோவும்: சர்வர் வரைக்கும் அருமை, சர்வீஸ் என்று வந்தால்?

ஜாபிக்ஸ் (Zabbix) என்ற கண்காணிப்பு மென்பொருளை வெறும் சர்வர் கண்காணிப்புக்கு மட்டும் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். 2022-ல் 6.0 பதிப்பு வந்தபோது அதன் சர்வீஸ் பகுதியைப் புதுப்பித்தார்கள், அதாவது "பில்லிங் ஓடுகிறதா, இல்லையா" என்று மேலிடம் கேட்டால் பதில் சொல்கிற பகுதி. ஒரு தடவை சேமித்த அமைப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த இதில் எவ்வளவு தூரம் முடியும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

பல மென்பொருள்களில் டெம்ப்ளேட் என்பது படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பின்னால் அதைத் திருத்தினாலும் ஏற்கெனவே உருவானவை பழையபடியே கிடக்கும். ஜாபிக்ஸில் ஹோஸ்ட்டும் (கண்காணிக்கப்படும் சர்வர் போன்றது) டெம்ப்ளேட்டும் இணைந்தே இருக்கும், டெம்ப்ளேட்டில் ஒரு ட்ரிக்கரை, அதாவது எப்போது எச்சரிக்க வேண்டும் என்ற விதியைத் திருத்தினால் அதோடு இணைந்த அத்தனை ஹோஸ்ட்டிலும் அந்த மாற்றம் போய்ச் சேரும். சௌகரியம்தான், ஆனால் சேமி பொத்தானை அழுத்தும்போது வயிற்றைக் கலக்கும்.

அந்தப் பயத்துக்கு மருந்து மேக்ரோ, அதாவது ஒரு மதிப்புக்கு நாம் வைக்கும் பெயர். கூடவே வரும் லினக்ஸ் டெம்ப்ளேட்டில் சிபியு பயன்பாடு 5 நிமிடம் விடாமல் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எச்சரிக்கை வரும், ஆனால் அந்த 90 ட்ரிக்கருக்குள் எழுதப்படவில்லை, ஒரு மேக்ரோவில் இருக்கிறது. ராத்திரி முழுக்க ரிப்போர்ட் போடும் சர்வர் 95-ல் ஓடுவது சகஜம் என்றால் அந்த ஹோஸ்ட்டில் மட்டும் அதே மேக்ரோவுக்கு 98 என்று கொடுத்தால் போதும், மற்றவை 90-லேயே இருக்கும். முதலில் ஹோஸ்ட், அடுத்து டெம்ப்ளேட், கடைசியில் பொது மேக்ரோ என்ற வரிசையில்தான் மதிப்பைத் தேடும். டிஸ்க் எல்லையை ஒரே ஹோஸ்ட்டில் பார்ட்டிஷனுக்கு ஒன்றாகக்கூட வைக்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்.

பாஸ்வேர்டுக்கு ரகசிய மேக்ரோ உண்டு. எக்ஸ்போர்ட் செய்தால் அதன் மதிப்பு வெளியே வராது, வேறு இடத்தில் ஏற்றியதும் நாமே திரும்ப அடிக்க வேண்டும், அதுதான் சரியும்கூட. அப்புறம், ஜாபிக்ஸைப் புதுப்பித்தால் டெம்ப்ளேட்டுகள் தானாகப் புதுப்பிக்கப்படாது, தனியாக இம்போர்ட் செய்யணும், அப்போது நாம் நேரடியாகச் செய்த திருத்தம் அடிபட்டுப் போக வாய்ப்பு அதிகம். அதனால் கூடவே வந்த டெம்ப்ளேட்டில் கை வைக்காமல் மேக்ரோவிலேயே வேலையை முடிப்பது நல்லது.

டெம்ப்ளேட்டைக் கழற்றும்போதும் கவனம் வேண்டும். இணைப்பை மட்டும் எடுத்தால் ஐட்டங்கள் (சேகரிக்கப்படும் அளவீடுகள்) ஹோஸ்ட்டிலேயே தங்கிவிடும், 'எடுத்து அழி' என்ற மற்ற தேர்வைக் கொடுத்தால் ஐட்டங்களோடு அவற்றின் பழைய பதிவுகளும் போய்விடும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன!

சர்வீஸ் பகுதிக்கு வந்தால் இந்தச் சொகுசு குறைகிறது. எந்தப் பிரச்சினை எந்தச் சர்வீஸைப் பாதிக்கும் என்பதை டேக் (பெயரும் மதிப்பும் உள்ள அடையாளக் குறி) வைத்துச் சொல்கிறோம், டெம்ப்ளேட்டில் போட்ட டேக் பிரச்சினை வரை வந்து சேரும், அதுவரை சரி. ஆனால் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிய சர்வீஸ் மரத்துக்கென்று டெம்ப்ளேட் கிடையாது, க்ளோன், அதாவது நகல் எடுப்பதுதான். வெப், ஆப், டேட்டாபேஸ் என்று மூன்று பிள்ளைகள் உள்ள சர்வீஸைக் க்ளோன் செய்தால் மேலே உள்ள தாயோடு இணைப்பு வரும், கீழே உள்ள மூன்றும் வராது. பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் க்ளோன் செய்து, தாயை மாற்றி, டேக் மதிப்பையும் மாற்றணும். நாலைந்து சர்வீஸ் என்றால் கையாலேயே செய்துவிடலாம், வாடிக்கையாளருக்கு ஒரு மரம் வேண்டுமென்றால் ஏபிஐ (நிரல் மூலம் ஜாபிக்ஸுக்குக் கட்டளை கொடுக்கும் வழி) வழியாகச் சர்வீஸ்களை உருவாக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அந்த ஸ்கிரிப்ட்டையே டெம்ப்ளேட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.