ஹார்ட் டிஸ்க் இல்லாத 12 கணினிகள்: நான்கு ஆண்டு அனுபவம்

ஒரு பயிற்சிக் கூடத்தில் 12 கணினிகளின் ஹார்ட் டிஸ்கையும் கழற்றிவிட்டு, எல்லாம் ஒரே லினக்ஸ் சர்வரிலிருந்து பூட் ஆகும்படி அமைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அமைக்க இரண்டு நாள் போதும் என்று நினைத்தேன். இரண்டு வாரம் பிடித்தது, அதில் ஒரு வாரத்தை, கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் மட்டுமே விழுங்கியது.

ஒரே கணினி காலையில் பூட் ஆகும், மதியம் ஐபி முகவரி கிடைக்காமல் நின்றுவிடும். கேபிளை மாற்றினேன், ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி அமைப்பைத் திரும்பத் திரும்ப எழுதினேன். காரணம் ஸ்விட்சின் ஸ்பானிங் ட்ரீ, அதாவது நெட்வொர்க்கில் சுழல் பாதை உருவாகாமல் தடுக்கும் வசதி. கணினியை ஆன் செய்ததும் அந்த போர்ட் 15 விநாடி கவனித்து, இன்னொரு 15 விநாடி கற்றுக்கொண்டு, பிறகுதான் தரவைக் கடத்தும். நெட்வொர்க் வழியாக பூட் செய்யும் பிஎக்ஸ்இ அதற்குள் கேட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டால் பூட் கிடையாது. கணினிகள் இருக்கும் போர்ட்களை எட்ஜ் போர்ட் (காத்திராமல் உடனே தரவைக் கடத்தும் போர்ட்) என்று குறித்ததும் அந்தத் தொல்லை அன்றோடு நின்றது. இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் ஸ்விட்சைப் பாருங்கள், சர்வரை அப்புறம் பார்க்கலாம்.

அடுத்தது வேகம். பூட் கோப்புகளை இறக்கும் எளிய முறையான டிஎஃப்டிபி வழக்கமாக 512 பைட் துண்டை அனுப்பி, பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும். பூட்டின் தொடக்கத்தில் ராமில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு 60 எம்பி என்றால் 1,22,880 துண்டுகள்! அதனால் டிஎஃப்டிபியில் ஐபிஎக்ஸ்இ என்ற சின்னஞ்சிறு நிரலை மட்டும் இறக்கி, கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) முதலான மற்றவற்றை எச்டிடிபி வழியாக எடுக்கிறேன். பூட் நேரம் கண்கூடாகக் குறைந்தது.

சிஸ்டம் முழுவதும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கப்பட்ட ஒரே கோப்பு, அதுதான் இமேஜ். நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாக, படிக்க மட்டும். அதன் மேலே, மாற்றங்களை மட்டும் தாங்கும் ஒரு ஓவர்லே அடுக்கு ராமில். மாணவர் எதைக் குலைத்தாலும் ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி சுத்தம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முன்பு 12 கணினிகளிலும் உட்கார்ந்து செய்த அப்டேட்டை இப்போது ஒரே இடத்தில் செய்கிறேன். ஹோம் ஃபோல்டர் மட்டும் தனியாக, எழுதக்கூடிய என்எஃப்எஸ்.

ஆனால் அந்த ஓவர்லே ராமைத் தின்னும். 4 ஜிபி கணினிகள் மாலைக்குள் திணறின. லாக் கோப்புகளுக்கு அளவு வரம்பு வைத்து, ராமில் உள்ளதைச் சுருக்கி வைக்கும் இசட்ராம் சேர்த்த பிறகுதான் நிம்மதி. பிரவுசர் கேஷை ஹோமில் விடாதீர்கள். சின்னச் சின்னக் கோப்புகளாக எழுதி என்எஃப்எஸ்ஸை மூச்சுமுட்ட வைக்கும்.

ஒரு தவறு செய்தேன். வகுப்பு நடக்கும்போதே பழைய இமேஜை அழித்து, அதே பெயரில் புதியதை வைத்தேன். 12 திரையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிழை காட்டி நின்றன. பிள்ளைகளின் ஒரு மணி நேர வேலை போனது, இன்றும் மனம் உறுத்துகிறது. இப்போது புதிய இமேஜுக்குப் புதிய பெயர். அடுத்த பூட்டில் மட்டும் அது வரும், பழையது இரண்டு வாரம் அப்படியே இருக்கும்.

சர்வர் நின்றால் எல்லாம் நிற்கும், உண்மைதான். ஆனால் ஒருமுறை நடுவில் சர்வர் ரீஸ்டார்ட் ஆனபோது கணினிகள் உறைந்து நின்று, அது திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தன. என்எஃப்எஸ்ஸில் ஹார்ட் மவுண்ட் (சர்வர் பதில் தரும்வரை விடாமல் காத்திருக்கும் அமைப்பு) வைத்திருந்ததன் பலன் அது. யுபிஎஸ் கட்டாயம், அதே அமைப்புள்ள மாற்று சர்வரும் இருந்தால் நல்லது.

காலையில் 12-ஐயும் ஒரே நேரத்தில் தட்டினால், விநாடிக்கு 110 எம்பி அளவு போகும் ஜிகாபிட் இணைப்பை எல்லாம் பங்குபோடும். அதனால் நெட்வொர்க்கிலிருந்தே கணினியை ஆன் செய்யும் வேக் ஆன் லேன் வழியாக 20 விநாடி இடைவெளியில் எழுப்புகிறேன். பிஎக்ஸ்இ யாரையும் சரிபார்க்காமல் நம்பும் என்பதால் இந்த நெட்வொர்க்கைத் தனி விலானில் (ஸ்விட்சுக்குள்ளேயே பிரிக்கும் தனி நெட்வொர்க்) பிரித்திருக்கிறேன்.

மூன்று நான்கு கணினிகளுக்கு இது வேண்டாம், வைஃபை மட்டும் உள்ள மடிக்கணினிகளுக்கும் ஒத்துவராது. கேபிளில் இணைந்த, ஒரே மாதிரி கணினிகள் பத்துக்கு மேல் இருந்தால் தயங்காமல் இறங்கலாம். நான் அடுத்த கூடத்துக்கும் இதே இமேஜைத்தான் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.