சிக்னல்: மகளுக்குச் சரி, கோயில் குழுவுக்குச் சரிப்படாது

மொரீஷியஸில் ஒரு ரகசியம் வெளியே போனால் பெரும்பாலும் சொந்தக்காரர் கை வழியாகத்தான் போகும். அதற்கு எந்தச் செயலியிலும் மருந்து கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டு, செய்தி அனுப்பவும் அழைத்துப் பேசவும் உதவும் சிக்னல் செயலியைப் பாராட்டப் போகிறேன். பாராட்ட நிறைய இருக்கிறது.

ரோஸ் ஹில்லில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என் போனில் பள்ளிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, கோயிலுக்கு ஒன்று, காவடிக்கு ஒன்று, சித்தி மகன் கல்யாணத்துக்கு ஒன்று. கல்யாணம் முடிந்து அவனுக்குப் பிள்ளையே பிறந்துவிட்டது, இன்னும் யாரும் வெளியேறவில்லை. பழனி யாத்திரைக்கு ஆள் சேர்த்தபோது கமிட்டிக்காரர் ஒருவர் எல்லாருடைய அடையாள அட்டைப் படத்தையும் குழுவிலேயே போடச் சொன்னார். மறுபேச்சில்லாமல் போட்டார்கள். நம் அட்டை எண்தான் தெரியுமே: குடும்பப் பெயரின் முதல் எழுத்து, அதை ஒட்டிப் பிறந்த நாள், மாதம், வருடம். பல காலமாக ஐம்பத்தெட்டிலேயே நின்றுகொண்டிருந்த ஒரு தாந்தினின் (அத்தை முறைக்காரரின்) உண்மையான வயது சாயங்காலத்துக்குள் பக்கத்து ஊர் கத்ர் போர்ன் வரை போய்விட்டது. அவர் யாத்திரைக்கே வரவில்லை. நாங்கள் சிரித்தோம், சரி. ஆனால் வங்கியிலும் சிம் வாங்கும் இடத்திலும் கேட்பது அதே அட்டையைத்தான். அந்தப் படங்கள் இன்னும் எத்தனை பேர் போனில் கிடக்கின்றனவோ.

“மறைக்க நமக்கு என்ன இருக்கு?” என்பார்கள். ஆனால் அரசாங்கம் எட்டிப் பார்க்கிறது என்றால் மட்டும் இதே ஆட்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். 2013-இல் கைரேகையோடு புதிய அட்டை வந்தபோது வழக்குப் போட்டார்கள். 2015-இல் கைரேகைகளைச் சேமித்து வைப்பது கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. 2021-இல் சமூக ஊடகப் போக்குவரத்தை நடுவில் நிறுத்திப் பிரித்துப் பார்க்கும் யோசனையைத் தகவல்தொடர்பு ஆணையம் வைத்தபோதும் பெரிய எதிர்ப்பு. அப்புறம் 2024 அக்டோபரில் ‘மிசியே முஸ்தாஸ்’ என்ற பெயரில் அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள், போலீஸ்காரர்கள் பேசிய போன் பேச்சுகள் இணையத்தில் கொட்டின. நவம்பர் 1 அன்று சமூக ஊடகங்களையே தேர்தல் முடியும்வரை முடக்க உத்தரவு, மறுநாளே வாபஸ். அந்த ஒரு நாளில் எங்கள் தெருவில் பாட்டிமார்கூட, முடக்கத்தைத் தாண்டி இணையத்துக்குப் போக உதவும் விபிஎன் பற்றிப் பேசினார்கள். அந்த வாரம்தான் நானும் சிக்னலை இறக்கினேன்.

வாட்ஸ்அப்பும் 2016-இலிருந்து சிக்னலின் பூட்டைத்தானே (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படியான குறியாக்கம்) போடுகிறது, பிறகு எதற்கு மாற வேண்டும் என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. செய்தியின் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை இரண்டிலும் பூட்டு ஒன்றுதான். யார் யாரோடு, எப்போது பேசினார்கள் என்பதை வைத்துக்கொள்வதில்தான் வித்தியாசம். 2016-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒரு கணக்கைப் பற்றிக் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் தவிர சிக்னலிடம் கொடுக்க எதுவும் இல்லை. வாட்ஸ்அப் உரையாடல்களை இணையத்தில் சேமித்து வைக்கும் மேகக் காப்புப் பிரதிக்கோ, நாமே போய் அமைப்பை மாற்றினால்தான் பூட்டு. எங்கள் குழுவில் அப்படிப் போய் மாற்றிய ஒருவரை நான் பார்த்ததில்லை. அழைப்பும் அப்படித்தான். சாதாரண போன் பேச்சை நெட்வொர்க்கைக் கையில் வைத்திருப்பவர் கேட்க முடியும், சிக்னல் அழைப்பைக் கேட்க முடியாது.

மகள் பக்கத்துத் தீவான ரீயூனியனில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு என் ரத்தப் பரிசோதனை அறிக்கை, வீட்டுப் பத்திரம், பணம் அனுப்பிய ரசீது எல்லாம் இப்போது இதில்தான் போகின்றன. ஒரு வாரத்தில் தானாக அழியும்படி வைத்திருக்கிறேன். ஒரே தடவை பார்க்கக்கூடிய படமும் அனுப்பலாம். பேச்சு தெளிவாகக் கேட்கிறது, வீடியோ மட்டும் மழை நாளில் திணறுகிறது.

குறைகளும் உண்டு. கணக்கு தொடங்கப் போன் எண் கேட்கிறது, அந்த எண்ணோ அடையாள அட்டை கொடுத்து வாங்கியது. 2024-இலிருந்து பயனர்பெயர் வைத்துக்கொண்டு எண்ணை மற்றவர்களிடமிருந்து மறைக்கலாம். அந்த வசதி இல்லாவிட்டால் முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் இதில் பேசியிருக்க மாட்டேன். கணக்கின் பின் (PIN) எண்ணை நாம் மறக்காமலிருக்க, செயலி அதை அவ்வப்போது கேட்டு நச்சரிக்கும். காப்புப் பிரதிதான் பெரிய தலைவலி. ஆண்ட்ராய்டில் போனுக்குள்ளேயே எடுத்துவைத்தால் 30 இலக்கக் கடவுச்சொல். 2025-இல் வந்த மேகக் காப்புக்கு 64 எழுத்துச் சாவி. தொலைத்தால் சிக்னல்காரர்களாலேயே மீட்டுத் தர முடியாது. என் வயதுக்காரர்கள் அதை எழுதி எங்கே வைப்பார்கள்? போன் உறைக்குள்தான்.

கோயில் குழுவை இதற்கு மாற்றலாமா என்று தலைவரிடம் கேட்டேன். “டீச்சர், நாம என்ன கள்ளக் கடத்தலா பண்றோம்?” என்றார். மாறியிருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்காது. செய்தி அழிவதற்குள் இன்னொரு போனால் திரையைப் படம் எடுத்தால் போதும், ரேடியோ த்ரொத்வாரில், அதாவது தெருவோர வதந்தியில், ஓடிவிடும். நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: அட்டைப் படத்தைக் குழுவில் போடாமல் பொருளாளருக்குத் தனியாக அனுப்புங்கள். அதற்கு ஒப்புக்கொண்டார். பொருளாளர் வாட்ஸ்அப்தான், ஆனால் வாய் திறக்காத மனிதர்.

செயலி இலவசம், விளம்பரம் இல்லை. லாப நோக்கற்ற அறக்கட்டளை நடத்துகிறது. நன்கொடை கேட்டு எப்போதாவது ஒரு அறிவிப்பு வரும், விருப்பமில்லை என்றால் தள்ளிவிடலாம். நிறுவினால் முதல் வேலையாக, உங்கள் எண்ணை வைத்து யார் தேடலாம் என்ற இடத்தில் ‘யாரும் வேண்டாம்’ என்று வையுங்கள், உங்கள் எண்ணில் வேறு யாரும் கணக்கைப் பதிய விடாத பதிவுப் பூட்டையும் போட்டுவிடுங்கள். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று அந்த 64 எழுத்துக்கு.