பாதுகாப்பு உத்தரவு: தனி மனுவா, நடக்கிற வழக்கிலேயே கேட்பதா?

தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ அடி தாங்காமல் அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணுக்கு ஏற்கெனவே விவாகரத்து வழக்கு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்பு உத்தரவு, அதாவது வன்முறையைத் தடை செய்யும் நீதிமன்ற உத்தரவு, கேட்க 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அவருக்கு இரண்டு வழிகளைத் தருகிறது: பிரிவு 12-இல் மாஜிஸ்திரேட்டிடம் தனி மனு, பிரிவு 26-இல் அந்த விவாகரத்து வழக்கிலேயே கேட்பது.

மிரட்டல் ஓயவில்லை என்றால் தனி மனுதான் என்பேன். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள் வர வேண்டும். அவசரமென்றால் கணவர் தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு போடலாம். புகுந்த வீடு தூத்துக்குடியாக இருந்தாலும், இப்போது தங்கியிருக்கும் ஊருக்கான நீதிமன்றமே போதும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் 1 ஆண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டுமேகூட. 60 நாளில் மனுவை முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதை நம்பிக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டாம்.

பிரிவு 26-இல் அலைச்சல் குறைவு. சாட்சியும் ஒரே இடத்தில். ஆனால் விவாகரத்து வழக்கு நகரும் வேகத்தில்தான் இதுவும் நகரும்.

பணத்துக்கு இரண்டு இடத்திலும் கேட்கலாம், இரண்டு மடங்கு கிடைக்காது. முன்பு வாங்கிய ஜீவனாம்ச உத்தரவைச் சொல்லியே ஆக வேண்டும், அந்தத் தொகையைக் கழிப்பார்கள் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைக் காட்டி 'வருமானமே இல்லை' என்பவரிடம் மீதி மாதங்களின் கணக்கைக் கேட்க இது உதவும்.

வீடுதான் சிக்கல். மாமனார் பெயரில் இருந்தாலும் குடியிருக்கும் உரிமை உண்டு என்றது சதீஷ் சந்தர் அகுஜா தீர்ப்பு (2020). அதற்காக மாமனார் உரிமையியல் வழக்குப் போடுவதை அது தடுக்காது. மூத்த குடிமக்கள் சட்டத்தில் வெளியேற்ற உத்தரவு வாங்கினாலும், மருமகளின் உரிமையை அப்படியே ஒதுக்கிவிட முடியாது என்றது அதே ஆண்டின் வனிதா தீர்ப்பு.

கீழக்கரையில் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் கதை தலைகீழ். அங்கே கணவரையே வெளியேறச் சொல்லும் உத்தரவைக் கேட்கலாம். அந்த உத்தரவைப் பெண்கள் மீது போட முடியாது. கூடவே தங்கியிருக்கும் நாத்தனார்தான் பிரச்சினை என்றால் பாதுகாப்பு உத்தரவைக் கேட்க வேண்டும்.