கேக் அடுக்குக்குள் எந்தக் கஸ்டர்ட் நிற்கும்?

கஸ்டர்ட் கிண்ணத்தில் தளதளவென்று இருந்தால் நமக்குச் சந்தோஷம். அதே தளதளப்பு இரண்டு ஸ்பான்ஜுக்கு நடுவில் இருந்தால், கத்தி பட்டதும் பக்கவாட்டில் பிதுங்கி வழியும். அதனால் ருசியோடு, நிற்குமா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. போட்டியில் மூன்று: கஸ்டர்ட் பவுடர், பேஸ்ட்ரி க்ரீம் (பால், மஞ்சள் கரு, மாவு சேர்த்துக் காய்ச்சும் கெட்டிக் கஸ்டர்ட்), மூஸ்லின் (அதே க்ரீமில் வெண்ணெய் அடித்துச் சேர்த்தது).

பவுடரை முதலில் முடித்துவிடலாம். 1837இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகக் கண்டுபிடித்தது. உள்ளே இருப்பது சோள மாவு, நிறம், வாசனை, அவ்வளவுதான். முட்டையில்லாத கேக் கேட்பவர்களுக்குச் சுலபமான வழி. ஃப்ரூட் சாலட்டுக்குப் போடுவதைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு பவுடர் போட்டால்தான் அடுக்குக்குள் நிற்கும். அப்படிப் போட்டால் நாக்கில் மாவு தட்டும்.

பேஸ்ட்ரி க்ரீம்தான் ருசியில் ராஜா. அரை லிட்டர் பால், 5 மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை, 40 கிராம் சோள மாவு. முட்டை திரிந்துவிடுமோ என்று பயந்து, கெட்டியானதுமே பலர் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். மாவு சேர்ந்திருப்பதால் அவ்வளவு சீக்கிரம் திரியாது. அணைப்பதுதான் வினை: மஞ்சள் கருவில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துக்கொண்டே இருக்கும். கொப்புளம் விட்டுக் கொதித்த பிறகும் ஒரு நிமிடமாவது விடாமல் கிளறினால்தான் அது அடங்கும். இல்லாவிட்டால், ராத்திரி கெட்டியாக ஃபிரிட்ஜுக்குள் போனது காலையில் நீர்த்துப்போய்க் கிடக்கும். ஆறும்போது பிளாஸ்டிக் தாளை க்ரீமின் மேலேயே படிய ஒட்டிவிடுங்கள், ஆடை கட்டாது.

அமெரிக்காவின் பாஸ்டன் க்ரீம் பை (பெயர்தான் பை, ஆள் கேக்) இந்த க்ரீமை நம்பியே இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு அடுக்கு என்பதால் தாங்குகிறது. மூன்றடுக்கு கேக் என்றால், ஓரத்தில் கெட்டியான பட்டர் க்ரீமால் வரப்பு கட்டிவிட்டு உள்ளே நிரப்ப வேண்டும்.

அந்த வேலை வேண்டாம் என்றால் மூஸ்லின். மேலே சொன்ன அளவு பேஸ்ட்ரி க்ரீமுக்கு 200 முதல் 250 கிராம் உப்பில்லாத வெண்ணெய். பிரெஞ்சுக்காரர்களின் ஃப்ரேசியே கேக்கில் ஸ்ட்ராபெர்ரிகளைச் சுற்றி நிற்பது இதுதான். அடித்துச் சேர்க்கும்போது க்ரீமும் வெண்ணெயும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். க்ரீம் ஜில்லென்று இருந்தால் கலவை திரிந்த மாதிரி ஆகும். பயப்பட வேண்டாம், பாத்திரத்தின் அடியை வெந்நீரில் லேசாகக் காட்டி அடித்தால் சேர்ந்துவிடும். ஆனால் மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத ஹாலில் வெண்ணெயும் கைவிட்டுவிடும்.

என் ஓட்டு மூஸ்லினுக்கு, அதுவும் கேக் வண்டியில் போகிறதென்றால் யோசிக்கவே வேண்டாம். வீட்டிலேயே வெட்டிச் சாப்பிடும் இரண்டடுக்கு கேக்குக்கு பேஸ்ட்ரி க்ரீம் போதும். வெண்ணெய் அந்த முட்டை ருசியைக் கொஞ்சம் மழுக்கத்தான் செய்கிறது. எதை வைத்தாலும், பரிமாறும் நேரம் வரை கேக் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். முன்கூட்டியே செய்து ஃப்ரீசரில் போடும் எண்ணமிருந்தால் மூஸ்லின் பரவாயில்லை. மற்ற இரண்டும் உருகும்போது தண்ணீர் விட்டு ஸ்பான்ஜை நனைத்துவிடும்.